கீழே ஆளில்லாத மேனேஜர்கள்

கோவை மில் தொழிலாளிக்கு மேனேஜர் என்றால் யார் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தனி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர், சார்ஜ் ஷீட் கொடுப்பவர், சஸ்பெண்டு செய்பவர், லீவு கேட்டுப் போனால் நிமிர்ந்து பார்க்காமலே முடியாது என்பவர். முதலாளியின் அதிகாரம் அவருடைய பேனா முனையில் இருந்தது. ஆகவே, அவர் யார் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் எழுந்ததில்லை.

இன்று சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் விளாங்குறிச்சியிலும் எழும்பி நிற்கும் ஐ.டி. கட்டிடங்களுக்குள் போய்ப் பாருங்கள். மேனேஜர்கள் மலிந்து கிடக்கிறார்கள்! புராஜெக்ட் மேனேஜர், டெலிவரி மேனேஜர், கஸ்டமர் சக்சஸ் மேனேஜர் என்று எத்தனையோ பட்டங்கள். அவற்றில் ஒரு வகையைப் பற்றி மட்டும் இங்கே எழுத விரும்புகிறேன். 'டெக்னிக்கல் அக்கவுண்ட் மேனேஜர்' என்பது அந்தப் பட்டம். கிளவுட் கம்ப்யூட்டிங் என்ற தொழிலில் இது ஒரு முக்கியமான வேலை. நமது பொறியியல் கல்லூரிகளில் படித்து வெளியேறிய பிள்ளைகள் பலர், இங்கேயும் சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இந்த வேலையில் இருக்கிறார்கள். இவர்கள் மேனேஜர்களா, தொழிலாளர்களா? பட்டத்தைப் பற்றிய வெறும் வாதமல்ல இது. ஒருநாள் காலையில் வேலை போய்விட்டால், சட்டத்தின் முன் நிற்க இடமுண்டா, இல்லையா என்பதே இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் இந்தத் தொழில் என்ன என்று பார்ப்போம். கிளவுட் என்றவுடன் ஏதோ ஆகாயத்து விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாயத்தில் ஒன்றுமில்லை. தரையில், காம்பவுண்டுச் சுவருக்குள், மின்சாரத்தையும் தண்ணீரையும் குடித்துக்கொண்டு ஓடும் யந்திரங்கள்தான் எல்லாம். கோவைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1932ல் பைக்காரா மின்சாரம் வருவதற்கு முன் மில் நடத்த வேண்டுமென்றால் சொந்தமாக எஞ்சின் வைத்து, கரியோ எண்ணெயோ வாங்கி எரிக்க வேண்டும். பைக்காரா வந்தது. கம்பியை இழுத்தால் மின்சாரம், ஓடின அளவுக்குக் காசு. பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் மில்கள் வரிசையாக எழுந்தன. கிளவுட் என்பதும் அதேதான். கம்பெனி தன் சொந்த அறையில் சர்வர் வாங்கி வைப்பதற்குப் பதிலாக, வேறொருவனுடைய சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறது. அமெஸான் கம்பெனி 2006ல் இந்த வாடகை வியாபாரத்தை ஆரம்பித்தது. மைக்ரோசாப்ட் 2015ல் புனே, மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் டேட்டா சென்டர்களைத் திறந்தது. அமெஸான் 2016ல் மும்பையிலும் 2022ல் ஹைதராபாத்திலும் திறந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பைக்காரா சர்க்காருடையது. கட்டணம் அதிகமென்றால் சட்டசபையில் கேட்கலாம், தெருவில் இறங்கிக் கோஷம் போடலாம். கிளவுடோ, உலக வியாபாரத்தில் பாதிக்கு மேல் அமெஸான், மைக்ரோசாப்ட், கூகுள் என்ற மூன்றே மூன்று அமெரிக்க ஏகபோகக் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. இங்கே யாரிடம் போய்க் கோஷம் போடுவது?

யாரிடமும் போட முடியாது என்பதனால்தான் நடுவில் ஒரு மனிதரை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்தான் நமது டெக்னிக்கல் அக்கவுண்ட் மேனேஜர்.

அவர் என்ன செய்கிறார்? சில வாடிக்கைக் கம்பெனிகள் அவர் பொறுப்பில் ஒதுக்கப்படுகின்றன. அவர்கள் எத்தனை சர்வர் ஓட்டுகிறார்கள், எது வீணாக ஓடுகிறது, எது திணறுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பண்டிகைத் தள்ளுபடி வியாபாரத்தன்று கூட்டம் அலைமோதினால் சர்வர் தாங்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாடிக்கைக்காரரின் பெரிய அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து, பில் ஏன் ஏறிற்று என்று பதில் சொல்ல வேண்டும். பழுது வந்தால், தன் கம்பெனிக்குள்ளே எந்தப் பிரிவின் கதவைத் தட்டினால் வேலை நடக்கும் என்று அறிந்து தட்ட வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், வாடிக்கைக்காரரின் யந்திரத்தைத் தொட இவருக்கு உரிமை கிடையாது. தன் கம்பெனியின் யந்திரத்தைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு உத்தரவிடவும் அதிகாரம் கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே நின்று இரண்டு பக்கத்துக் கோபத்தையும் வாங்கிக்கொள்வதே உத்தியோகம். டெக்னிக்கல் அக்கவுண்ட் மேனேஜர் அடங்கிய பெரிய ஆதரவுத் திட்டத்துக்கு அமெஸான் நெடுங்காலம் வாங்கிவந்த குறைந்தபட்சக் கட்டணம் மாதம் 15,000 டாலர். நமது பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். இந்தத் திட்டத்தில், வாடிக்கைக்காரரின் வியாபாரமே நின்றுபோகும்படியான பழுது என்றால் 15 நிமிடத்துக்குள் பதில் தரப்படும் என்பது வாக்குறுதி. வாக்குறுதி கொடுப்பது கம்பெனி. தூக்கத்திலிருந்து எழுந்திருப்பது யார்?

சரவணம்பட்டியில் ஒரு டீக்கடையில் இந்த வேலையிலுள்ள ஒரு வாலிபருடன் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பெயரும் வேண்டாம், கம்பெனியின் பெயரும் வேண்டாம். "உங்களுக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டேன். சிரித்தார்.

"எனக்குக் கீழ ஒருத்தரும் இல்லீங்ணா. பேருதான் மேனேஜரு. யாருக்கும் லீவு குடுக்கற அதிகாரம் எனக்கில்ல. எனக்கு லீவு வேணும்னா நாந்தான் போய்க் கேக்கோணும்."

ஒரு நூற்றாண்டுத் தொழிற்சங்க விவகாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

2025 தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 20ந் தேதி, திங்கட்கிழமை. நமது நேரப்படி பகல் 12 மணி 19 நிமிடத்துக்கு அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்திலுள்ள அமெஸான் சர்வர்களில் பழுது ஏற்பட்டது. பெயரைச் சொன்னால் முகவரியைத் தேடித் தரும் டி.என்.எஸ். என்ற ஏற்பாட்டில், தானியங்கி நிரல் ஒன்று செய்த குளறுபடியினால் ஒரு முக்கியமான முகவரி வெறுமையாகிவிட்டது. அந்த ஒரு முகவரியை நம்பியிருந்த சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. பிரிட்டனில் பாங்குகளின் சேவை தடைப்பட்டது. அந்நாட்டு வரி இலாகாவின் வலைத்தளமும் தடுமாறியது. எல்லாம் சீராகி முடிந்தபோது நமக்கு மறுநாள் அதிகாலை மூன்றரை மணி. ஏறத்தாழ 15 மணி நேரம்! வர்ஜீனியாவில் நள்ளிரவு தாண்டியிருந்த நேரத்தில் நமது ஊரில் பண்டிகைச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இலைமுன் உட்கார்ந்தவர் கை கழுவிவிட்டு எழுந்து, லாப்டாப்பைத் திறந்து, "பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று அரைமணிக்கொருதரம் வாடிக்கைக்காரருக்கு எழுதிக்கொண்டிருந்த காட்சி எத்தனை வீடுகளில் நடந்தது என்று எந்தக் கணக்கிலும் வராது.

நஷ்டப்பட்ட வாடிக்கைக்காரருக்குக் கிடைப்பது என்ன? மாதத்தில் 99.99 சதவீத நேரம் ஓடும் என்று ஒப்பந்தம் சொல்லும். மாதத்துக்கு நாலு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கலாம் என்று அர்த்தம். அதற்கு மேல் நின்றால், பில்லில் ஒரு பங்கைக் கழித்துக்கொடுப்பார்கள். வியாபாரத்தில் போன பணத்துக்கு ஈடு கிடையாது. அந்தக் கசப்பான சேதியை இதமாக எடுத்துச் சொல்வதும் நமது மேனேஜரின் வேலையே.

அந்தத் தீபாவளி முடிந்து எட்டே நாளில், அக்டோபர் 28ந் தேதி, அமெஸான் உலகமெங்கும் 14,000 அலுவலக ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. 2026 ஜனவரியில் இன்னொரு 16,000 என்று அறிவித்தது. நமது நாட்டு டி.சி.எஸ். கம்பெனியும் 2025 ஜூலையில் 12,000க்கு மேற்பட்டோரைக் குறைப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்மட்டப் பதவியினர் என்றும் சொல்லிற்று. அதாவது மேனேஜர் என்ற பட்டத்தைச் சுமப்பவர்கள்!

இங்கேதான் பட்டத்தின் மகிமை தெரிகிறது. 1947ம் வருடத்துத் தொழில் தகராறு சட்டம், உடலுழைப்பு, திறன்சார்ந்த வேலை, தொழில்நுட்ப வேலை, குமாஸ்தா வேலை முதலியவற்றைச் செய்பவனைத் தொழிலாளி என்றது. நிர்வாகப் பதவியில் இருப்பவனை விலக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும், தொழிலாளர் உரிமைகள் பலவற்றை வெட்டியபோதிலும், இந்த வரையறையை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறது. தொழிலாளி என்றால், ஆட்குறைப்பின்போது நோட்டீஸ் உண்டு. வேலைசெய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் உண்டு. கடைசியில் சேர்ந்தவரே முதலில் போகவேண்டும் என்ற ஒழுங்கு உண்டு. மேனேஜர் என்றால் இவற்றில் ஒன்றுமில்லை. ஒப்பந்தக் காகிதத்தில் உள்ளதுதான். 1947ல் சென்னை ராஜதானியில் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டமும் காரணமில்லாமல் வேலை நீக்கக்கூடாது என்கிறது. ஆனால் அதுவும் நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது.

ஆகவே, ஒரு வார்த்தையை விசிட்டிங் கார்டில் அச்சடிப்பதனால் முதலாளிக்கு எவ்வளவு லாபம் பாருங்கள்! செலவு என்ன? அச்சுக்கூலி.

ஆனால் சட்டம் அவ்வளவு ஏமாளியல்ல. பட்டத்தைப் பார்க்காதே, அவன் பிரதானமாகச் செய்யும் வேலையைப் பார் என்று சுப்ரீம் கோர்ட் 1985ல் சிபா கெய்கி கம்பெனி வழக்கில் சொல்லியிருக்கிறது. 1994ல் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் வழக்கில், சட்டம் பட்டியலிட்ட வேலை வகைகளில் ஒன்றுக்குள் ஊழியர் வந்தாக வேண்டும் என்று வட்டத்தைக் குறுக்கியது உண்மையே. அந்த வட்டத்துக்குள்ளும் 'தொழில்நுட்பம்' என்ற சொல் இருக்கிறது; நமது வாலிபரின் பட்டத்திலேயே முதல் சொல் அதுதான். இன்னொரு விஷயமும் உண்டு. மேற்பார்வை வேலைக்கு மட்டும்தான் சம்பள உச்சவரம்பு, இப்போது மாதம் 18,000 ரூபாய். தொழில்நுட்ப வேலைக்கு வரம்பே கிடையாது. லட்சம் வாங்கினாலும் தொழிலாளி தொழிலாளியே. பலருக்குத் தெரியாத விஷயம் இது.

"கைநிறையச் சம்பளம் வாங்குகிறவர்களுக்காக நாம் ஏன் பேசவேண்டும்? கார் வைத்திருக்கிறார்கள், பிளாட் வாங்கியிருக்கிறார்கள்" என்று மில்லிலிருந்து ஓய்வுபெற்ற தோழர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. கோபத்தில் நியாயம் இருக்கிறது. பஞ்சாலை மூடிய பிறகு காவலாளி வேலைக்குப் போனவருக்கு, அந்தக் கட்டிடத்தின் கேட்டில் நின்று இந்தக் கார்களுக்குச் சல்யூட் அடிப்பது லேசான காரியமல்ல. ஆனால் சோமனூரையும் பல்லடத்தையும் நினைத்துப் பாருங்கள். நாலு விசைத்தறி வைத்திருப்பவரை ஊர் 'முதலாளி' என்றுதான் கூப்பிடுகிறது. பாவு அவருடையதல்ல, நூல் அவருடையதல்ல, நெய்த துணியும் அவருடையதல்ல. ஜவுளி உற்பத்தியாளர் கொடுக்கும் கூலிக்கு இரவும் பகலும் நெய்கிறார். 2022 ஜனவரியிலும் 2025 மார்ச்சிலும் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்திப் போராடியவர்கள் இந்த 'முதலாளி'கள்தானே? அப்போது நாம் அவர்களுடைய பட்டத்தைப் பார்த்தா ஆதரவு கொடுத்தோம்? பிளாட் என்கிறார்கள், அந்தப் பிளாட்டுக்கு இருபது வருடத் தவணை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சம்பளம் நின்றால் நாலாவது மாதம் பாங்குக்காரன் கதவைத் தட்டுவான்.

ஐ.டி. ஊழியர்களுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், அவர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு சர்க்கார் 2016லேயே தெளிவுபடுத்தியது. சங்கங்களும் வேலை செய்துவருகின்றன. ஆனால் மேனேஜர் என்ற பட்டம் பெற்றவர்கள் தூரத்தில் நிற்கிறார்கள். சங்கம் நமக்கில்லை என்று அவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு. சங்கத்தில் சேருவதைப் பொறுத்தமட்டில், தொழிலில் வேலை செய்யும் அனைவருமே தொழிலாளர் என்பதுதான் 1926ம் வருடத்துச் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. உண்மையான மேனேஜர்கூடச் சேரலாம் என்னும்போது, பெயருக்கு மேனேஜராக இருப்பவருக்கு என்ன தடை?

இரண்டு காரியங்களை இந்த வாலிபர்கள் உடனே செய்யவேண்டும். தான் தொழிலாளி என்று நிரூபிக்கும் பொறுப்பு கோர்ட்டில் ஊழியர் தலையில்தான் விழுகிறது. ஆகவே வேலை விவரத் தாள், நியமன உத்தரவு, தன் கீழே யாருமில்லை என்று காட்டும் பட்டியல் ஆகியவற்றின் பிரதியை இப்போதே வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். வாடிக்கைக்காரரின் ரகசியக் காகிதம் எதையும் தொடவேண்டாம். லாப்டாப் பூட்டப்பட்ட பிறகு எந்தத் தாளும் கிடைக்காது. இரண்டாவது, "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் மூன்று மாதச் சம்பளம், நல்ல சர்டிபிகேட்" என்று தனி அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னால், அங்கேயே கையெழுத்துப் போடக்கூடாது. ராஜினாமா செய்தவனை யாரும் ஆட்குறைப்புச் செய்ததாக ஆகாது. நஷ்ட ஈடும் கிடையாது, தகராறும் கிடையாது. ஒருநாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, சங்கத்துக்கு ஒரு போன் போடட்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பதும் பெரிய விஷயமல்ல. பிறரை நியமிக்கவோ, லீவு கொடுக்கவோ, தண்டிக்கவோ அதிகாரமில்லாத எவரையும், அவருடைய பட்டம் எதுவாயினும், நிர்வாகப் பதவியினர் என்று கருதலாகாது என்று தொழிலாளர் இலாகா தெளிவான உத்தரவு ஒன்றைப் பிறப்பிக்கட்டும். விளாங்குறிச்சியில் அரசுப் பணத்தில் ஐ.டி. கட்டிடம் கட்டிக் கம்பெனிகளைக் குடியேற்றுகிற சர்க்கார், அந்தக் கட்டிடத்துக்குள் வேலை செய்பவர்களின் உண்மையான பதவி விவரத்தைக் கம்பெனிகளிடமிருந்து வருடந்தோறும் வாங்கி வெளியிடட்டும். யார் மேனேஜர், யார் மேனேஜர் அல்ல என்று அப்போது தெரிந்துவிடும்.