நெடுஞ்சாலை வருமுன் வரும் கவலை: கொல்லயில் எல்லைக் கிராமங்களில் நிலத்தை விட நீளும் காத்திருப்பு

திருவனந்தபுரம்: வீட்டு வாசலில் அளவைக் கல் நடப்படும் நாளுக்கும் இழப்பீடு வங்கிக் கணக்கில் சேரும் நாளுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கழியும்? கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த கொல்லயில் உள்ளிட்ட எல்லைக் கிராமங்களில், நெடுஞ்சாலைத் திட்டங்கள் குறித்த பேச்சு எழும்போதெல்லாம் முன்னிற்கும் கேள்வி இதுவே.

சாலை தேவையில்லை என்பது இங்குள்ளவர்களின் வாதமன்று. களியக்காவிளை வழியாகத் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இணைக்கும் பாதையின் நெரிசலை நாள்தோறும் அனுபவிப்பவர்கள் அவர்களே. ஆயினும் ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலத்தில் வீடும் கிணறும் நாலைந்து தென்னைகளும் கொண்ட குடும்பங்களுக்கு, வரைபடத்தில் ஒரு கோடு சில மீட்டர் நகர்ந்தாலும் வாழ்க்கை முழுவதும் மாறிவிடுகிறது.

இரண்டு சாலைகள், இரண்டு சட்டங்கள்

இப்பகுதி மக்களின் அச்சத்திற்கு இரண்டு சாலைகளின் அனுபவம் பின்னணியாக உள்ளது. முதலாவது, கழக்கூட்டம் - காரோடு புறவழிச்சாலை. 1970களில் திட்டமிடப்பட்ட இச்சாலை, பாறசாலையை அடுத்த காரோடு வரை நான்கு வழிச்சாலையாக நிறைவு பெற நாற்பது ஆண்டுகளுக்கும் மேலானது. முக்கோலை - காரோடு இடையிலான சுமார் 16 கி.மீ. பகுதி கான்கிரீட் சாலையாக அமைக்கப்பட்டது.

இரண்டாவது, கரமனை - களியக்காவிளை சாலை விரிவாக்கம். பிராவச்சம்பலம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என நீளும் இந்தப் பழைய தேசிய நெடுஞ்சாலையை 30.2 மீட்டர் அகலத்தில் நான்கு வழியாக்குவது மாநில அரசின் திட்டம். கரமனையில் தொடங்கிய முதல் கட்டங்கள் முடிந்துவிட்ட நிலையில், வழிமுக்கு முதல் களியக்காவிளை வரையிலான பகுதியே கொல்லயில் வட்டார மக்களை நேரடியாகத் தொடுகிறது.

இவ்விரண்டும் ஒரே சாலைத் திட்டம் போலத் தோன்றினாலும், நிலம் எடுக்கும் சட்டம் வேறு. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் பொருந்தும். மாநில அரசு தன் திட்டத்திற்கு நிலம் எடுக்கும்போது 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு மற்றும் மறுகுடியமர்வுச் சட்டம் பொருந்தும். தம் வீட்டு வாசலுக்கு வருவது எந்தச் சட்டம் என்பதே குடியிருப்போர் முதலில் அறிய வேண்டியது.

தொகையில் பெரிய வேறுபாடு இல்லை

இழப்பீட்டைக் கணக்கிடும் முறையில் இரு சட்டங்களுக்கும் இன்று பெரிய வேறுபாடு கிடையாது. 2015 ஜனவரி 1 முதல், 2013 சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்துகின்றன. சந்தை மதிப்பு, கிராமப்புறங்களில் அதை ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை பெருக்கும் காரணி, அதன்மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை என்பதே அடிப்படை. 1997 முதல் 2015 வரை தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் இழந்தவர்களுக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் உண்டு என உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை வருங்காலத்திற்கு மட்டும் பொருத்த வேண்டும் என்ற கோரிக்கையையும் 2025 பிப்ரவரியில் நிராகரித்தது.

வேறுபாடு இருப்பது காலத்திலும், கருத்துக் கேட்பிலும்தான்.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழ் முதல் அறிவிக்கை வெளியான பின் ஆட்சேபம் தெரிவிக்க 21 நாட்களே அவகாசம். அறிவிக்கையின் சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியிடப்பட வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். அந்த நாளிதழைத் தவறவிட்டவர் ஆட்சேப உரிமையையே இழக்க நேரும். ஓராண்டுக்குள் இறுதி அறிவிப்பு வராவிட்டால் முதல் அறிவிக்கை காலாவதியாகும். ஆனால் இறுதி அறிவிப்பு வந்தவுடன் நிலம் அரசைச் சேர்ந்துவிடுகிறது. அதன் பின் இழப்பீட்டை எத்தனை மாதங்களுக்குள் நிர்ணயிக்க வேண்டும் என அச்சட்டம் காலக்கெடு விதிக்கவில்லை.

2013 சட்டம் இதற்கு மாறானது. முதலில் சமூகத் தாக்க ஆய்வை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். பொது விசாரணையும் உண்டு. முதனிலை அறிவிக்கை வந்த பின் ஆட்சேபம் தெரிவிக்க 60 நாட்கள். ஆய்வுக்குப் பின் முதனிலை அறிவிக்கைக்கும், அதிலிருந்து இறுதி அறிவிப்புக்கும், அங்கிருந்து இழப்பீட்டுத் தீர்வுக்கும் தலா 12 மாதங்கள் வரம்பு. எனினும் இந்த வரம்புகளை நீட்டிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நீட்டிப்பே இல்லாவிடினும் கூட்டினால் மூன்றரை ஆண்டுகள் ஆகிறது.

விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது

2013 சட்டத்தின்படி, முதனிலை அறிவிக்கைக்குப் பின் அந்த நிலத்தை விற்பதோ அடமானம் வைப்பதோ கூடாது. மாவட்ட ஆட்சியரின் சிறப்பு அனுமதி இருந்தால் மட்டுமே விலக்கு. அறிவிக்கைக்கு முன்பே, சாலை வரப்போகிறது என்ற பேச்சு பரவியவுடன் வாங்குவோர் பின்வாங்குவதும், வங்கிகள் கடன் தரத் தயங்குவதும் நடைமுறை. மகளின் திருமணத்திற்கோ மகனின் படிப்பிற்கோ நிலத்தையே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது பெரும் அடி.

இதே மாவட்டத்தில் விழிஞ்ஞம் - நாவாய்க்குளம் வெளிவட்டச் சாலை இதற்கு எடுத்துக்காட்டு. சுமார் 63 கி.மீ. நீளத் திட்டத்திற்காக நிலப் பத்திரங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த உரிமையாளர்கள், இழப்பீடு கிடைக்காமலும் நிலத்தைப் பயன்படுத்த இயலாமலும் ஆண்டுக்கணக்கில் தவித்துப் போராட்டத்தில் இறங்கினர்.

தமிழ்நாட்டில் சென்னை - சேலம் எட்டு வழிச்சாலையும் இதே பாடத்தைத் தருகிறது. 277 கி.மீ. நீளத்தில் சுமார் ரூ.10,000 கோடி செலவில் 2018இல் முன்னெடுக்கப்பட்ட இத்திட்டத்தின் அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. அரசின் பெயருக்கு மாற்றப்பட்ட வருவாய் ஆவணங்களை மீண்டும் உரிமையாளர்களின் பெயருக்கே திருத்தவும் உத்தரவிட்டது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் முதல் அறிவிக்கை செல்லும் எனக் கூறியது. வழக்கில் யார் வென்றாலும், இடைப்பட்ட காலத்தில் விவசாயிகளின் கையில் இருந்தது நிச்சயமற்ற நிலமே.

அரசு திட்டத்தை முறைப்படி கைவிட்டால், நடவடிக்கைகளால் உரிமையாளருக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய 2013 சட்டத்தில் வழியுண்டு. ஆனால் அறிவிக்கையே வெளியாகாமல், கல் மட்டும் நடப்பட்டு, பின் பாதை வேறிடம் மாறிய நிலங்களின் சொந்தக்காரர்களுக்கு எந்த ஈடும் இல்லை. நிலத்திற்கு விலை வைக்கும் சட்டம், காத்திருப்புக்கு வைக்கவில்லை.

மிஞ்சும் துண்டு நிலம்

சாலை விரிவாக்கத்தில் முழு நிலமும் போகாமல் முன்பகுதி மட்டும் போவதே அதிகம். கேரளத்தில் நெடுஞ்சாலை எல்லையிலிருந்து 3 மீட்டர் விட்டே கட்டடம் எழுப்ப வேண்டும். எனவே சாலைக்குப் போனது போக மிஞ்சும் இரண்டு, மூன்று சென்ட் நிலம் பல நேரங்களில் பயனற்றதாகிறது. வீட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுக்க அரசு முற்பட்டால், முழு வீட்டையும் எடுக்குமாறு உரிமையாளர் கோரலாம் என்கிறது 2013 சட்டத்தின் 94ஆவது பிரிவு. இந்த உரிமையைப் பலர் அறிந்திருப்பதில்லை.

சந்தை மதிப்பும் சிக்கலானது. சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான விற்பனைப் பத்திரங்களில், உயர்ந்த விலை காட்டும் பாதியின் சராசரி ஓர் அளவுகோல். முத்திரைக் கட்டணத்தைக் குறைக்க விலையைக் குறைத்துப் பதிவு செய்த ஊர்களில், அந்தப் பழக்கமே இழப்பீட்டைக் குறைத்துவிடுகிறது. வாடகைக் கடைக்காரர்களுக்கு நில மதிப்பில் பங்கில்லை. எனினும் வாழ்வாதாரம் இழப்போர் என்ற முறையில் மறுவாழ்வு உதவி கோரலாம். சிறு வணிகர்களுக்கு ஒருமுறை உதவியாகக் குறைந்தது ரூ.25,000 எனச் சட்டம் குறிக்கிறது. கடைத்தெருவில் பல ஆண்டுகள் சேர்த்த வாடிக்கையாளர்களுக்கு அது ஈடாகாது.

நீரின் பாதை

எல்லைக் கிராமங்களின் மற்றொரு கவலை நீர். மேடும் பள்ளமுமான இந்நிலத்தில் தாழ்வான ஏலாக்களும் குளங்களும் நெய்யாறு பாசனக் கால்வாய்களுமே மழைநீரைத் தாங்குகின்றன. அவற்றின் குறுக்கே மண்ணைக் கொட்டி உயர்த்தப்படும் சாலை, போதிய வடிகால் இன்றேல் ஒருபுறம் வெள்ளத்தையும் மறுபுறம் வறட்சியையும் உண்டாக்கும். மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் வயல்வெளியில் உயர்த்தி அமைக்கப்பட்ட தேசிய நெடுஞ்சாலை 66, 2025 மே 19 அன்று இடிந்து சரிந்தது இந்த அச்சம் வீணல்ல எனக் காட்டியது. கண்ணூர் மாவட்டம் கீழாற்றூரில் 'வயல்கிளிகள்' இயக்கத்தினர் 2017, 2018ஆம் ஆண்டுகளில் புறவழிச்சாலைக்கு எதிராக எழுப்பியதும் வயலும் நீரும் சார்ந்த கேள்வியையே.

ஆனால் இக்கேள்வியை எழுப்பும் இடம் குறுகியது. ஏற்கெனவே உள்ள நெடுஞ்சாலையின் விரிவாக்கம் 100 கி.மீ.க்கு மேற்பட்டால்தான் சுற்றுச்சூழல் முன் அனுமதியும் அதன் பகுதியான பொது விசாரணையும் கட்டாயமாகின்றன. வழிமுக்கு - களியக்காவிளை போன்ற குறுகிய தொலைவுகள் அந்த வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே சமூகத் தாக்க ஆய்வின் பொது விசாரணையே மக்கள் முறைப்படி பேசக்கூடிய முதன்மை மேடை.

அந்த மேடையில் வெறும் எதிர்ப்பை விட ஆவணமே வலிமை வாய்ந்தது. கிணறு, மரங்கள், கட்டடத்தின் அளவு, கடையின் உரிமம், மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடம் ஆகியவற்றைப் படத்துடன் எழுத்தில் பதிவு செய்வோரின் கோரிக்கையை அறிக்கையிலிருந்து எளிதில் விலக்க முடியாது. ஆய்வின்போது ஊராட்சியைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் கட்டளை.

அரசின் பக்கம் செய்ய வேண்டியது அதனினும் எளிது. பாதையை இறுதி செய்த பின்னரே கல் நடுவதும், தேவையற்ற நிலங்களை உடனுக்குடன் விடுவித்து எழுத்தில் அறிவிப்பதும், நிதி உறுதியான பின்னரே பத்திரங்களைக் கேட்டுப் பெறுவதும் கூடுதல் செலவு வைப்பவை அல்ல. ஒரு கோடு எங்கே போகிறது என்ற நிச்சயம் கிடைத்தாலே எல்லைக் கிராமங்களின் பாதிக் கவலை தீரும்.