மூலையிலொரு மைதானம்

கல்லூரி மைதானத்தில் ஓடியாடிய உடல், உத்தியோகம் ஏற்றபின் நாற்காலியோடு ஒன்றிவிடுகின்றது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் பின்தொடர்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கமும், இருநாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கின்றது. முன்னதற்கு விரைநடை போதும். பின்னதையே நம்மவர் பெரிதும் மறந்தனர். இயங்குந் தசை குருதியிலுள்ள குளுக்கோசை ஈர்த்துச் செலவிடும். ஆதலின் அதனைப் பேணுதல் நீரிழிவுக்கு அணை கட்டுதலாகும். இதற்கு ஓர் இறப்பர்ப் பட்டியும் இரண்டு டம்பெல்லும் பாய் விரிக்கும் இடமுமே போதும்.

பெரும்பொருள் கொடுத்துப் பொறி வாங்கி, அதன்மேல் ஈரத்துணி உலர்த்துவோரும் உளர். நூல் வாங்குதல் கல்வியாகாதவாறு போலக் கருவி வாங்குதல் பயிற்சியாகாது. பழைய மாணவ அன்பர்காள், அன்று மணியடிக்க மைதானம் சென்றோம். இன்று அம்மணியை நாமே அடித்தல் வேண்டும்.