உண்ட ஏரிக்கு இரண்டகம்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போதும், பட்டணத்துக் கனவான்களுக்குச் செம்பரம்பாக்கத்து ஏரி மீன்மேல் திடீர்க் காதல் பிறந்துவிடுகிறது. குடும்பத்தோடு காரில் வருகிறார்கள். ஏரிப் பக்கம் சுடச்சுடப் பொரித்த மீனை வாங்கித் தின்கிறார்கள். தின்ற இலையையும், பிளாஸ்டிக் பையையும், காலிப் பாட்டிலையும் கரையிலேயே போட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள்.

மீன் தின்பதை நான் குறை கூறவில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பது சட்டம். வஞ்சிரம் எட்டாத விலைக்குப் போகும் அந்த நாட்களில் பல வீட்டுச் சட்டிகளில் கொதிப்பது ஏரி மீன்தான். வலை வீசிப் பிழைப்பவனுக்கு நாலு காசு கிடைத்தால் யாருக்கு வருத்தம்?

ஆனால், "அசல் நம்ம ஊர் மீன், ஸார்!" என்று இவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டும்போதுதான் சிரிப்பு வருகிறது. ஜிலேபி மீனின் பூர்விகம் ஆப்பிரிக்கா. அது இந்தியாவுக்கு வந்ததே 1952-ல்தான். கட்லாவும் ரோகுவும் வடக்கத்தி நதிகளின் பிரஜைகள். மீன் எங்கிருந்து வந்தால் என்ன? அதை வளர்த்து ருசி கொடுப்பது இந்தத் தண்ணீர். அந்தத் தண்ணீரைத்தான் இவர்கள் மதிப்பதில்லை!

அது யார் குடிக்கும் தண்ணீர்? 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் இந்த ஏரியை ஒட்டி, நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கக்கூடிய நிலையம் இருக்கிறது. அங்கிருந்து குழாய் போகும் இடம் சென்னை நகரம். ஞாயிறன்று இவர் கரையில் எறிந்த எச்சிலை அடுத்த மழை ஏரிக்குள் தள்ளுகிறது. அதே ஏரித் தண்ணீரில்தான் இவர் வீட்டுக் காப்பி கலக்கப்படுகிறது. சுத்திகரிப்பு நிலையம் இருப்பது நம் ஆபாசத்துக்கு வழங்கப்பட்ட லைசென்ஸ் அல்ல.

2019 கோடையில் இந்த ஏரி வறண்டு கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறித் தண்ணீர் வந்தது. குடமும் கையுமாக லாரியைத் துரத்தினோமே, அதற்குள் மறந்துவிட்டதா? கோடையில்தான் ஏரியில் தண்ணீர் குறைவு. கடல் மீன் தட்டுப்பாட்டால் ஏரி மீனுக்குக் கிராக்கியும் அப்போதுதான் அதிகம். குறைந்த தண்ணீரில் கூடுதல் குப்பை என்றால் கணக்குப் போட வாத்தியார் தேவையில்லை.

"சர்க்கார் குப்பைத் தொட்டி வைக்கவில்லையே!" என்பார்கள். வைக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டிலிருந்து நிறைந்த பையைச் சுமந்து வந்த கைக்கு, காலிப் பையைத் திரும்பச் சுமக்க என்ன கேடு?

இன்னும் சிலர், "மீன் கடைகளை விரட்டுங்கள், சுத்தமாகிவிடும்" என்கிறார்கள். எச்சில் போட்டவனுக்கு மரியாதை, அடுப்பு மூட்டியவனுக்குத் தண்டனை! இது என்ன நியாயம்?

தாராளமாக வாருங்கள். வயிறாரச் சாப்பிடுங்கள். எச்சிலை மட்டும் வாரிக்கொண்டு போங்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்பவனைத் துரோகி என்கிறோம். உண்டதோடு நில்லாமல், குடிக்கவும் கொடுக்கும் ஏரிக்கு அதைச் செய்பவனை என்னவென்று சொல்வது?