விடுதலைக்குக் கட்டிய தவணை



விடுதலை கிடைத்து இத்தனை காலமாகியும் சில நாடுகள் ஏன் தலைதூக்கவில்லை என்ற கேள்வி வாசகர்களாகிய உங்கள் கடிதங்களில் அடிக்கடி வருகிறது. ஊழல், சோம்பல் என்று நீங்களே பதிலும் எழுதிவிடுகிறீர்கள். உங்களுக்கு ஹைட்டியின் கணக்கைக் கொஞ்சம் காட்ட வேண்டும்.

கரீபியக் கடலில் உள்ள அந்த நாடு ஒருகாலத்தில் பிரான்சின் பணம் கொழித்த காலனி. ஐரோப்பா குடித்த காப்பியில் பெரும்பங்கு அங்கே விளைந்தது. விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். 1791இல் கிளர்ந்தெழுந்த அவர்கள், நெப்போலியனின் படையையும் முறியடித்து, 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தார்கள்.

1825இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸின் போர்க்கப்பல்கள் ஹைட்டியின் கரைக்கு வந்தன. நாட்டை அங்கீகரிக்க வேண்டுமானால் 15 கோடி பிராங்க் எடுத்து வைக்க வேண்டுமாம். சொத்தை இழந்த தோட்ட முதலாளிகளுக்கு நஷ்டஈடு! அந்தச் சொத்தில் அடிமைகளும் அடக்கம். மீட்டுக்கொண்ட தங்கள் உடம்புக்கு அவர்களே விலை கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் தவணைக்கே கஜானாவில் பணமில்லை. பாரிஸ் வங்கிக்காரர்களிடமே 3 கோடி கடன் வாங்கினார்கள். கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம்தான். நம்மூர்க் கந்துவட்டிக்காரர் முன்வட்டி பிடிப்பதுபோல மீதியை அங்கேயே பிடித்துக்கொண்டார்கள். 1838இல் அசல் தொகையை 9 கோடியாகக் குறைத்தது உண்மைதான். ஆனால் கடனை அடைக்கக் கடன், அதற்கு வட்டி என்று நீண்டு, எல்லாம் தீர 1947 ஆயிற்று. விவசாயியின் காப்பிக்குப் போட்ட வரி பள்ளிக்கூடமாகவோ சாலையாகவோ ஆகாமல் கப்பலேறியது. இதற்கிடையே, ஹைட்டியின் தேசிய வங்கியையே ஒரு பாரிஸ் வங்கிதான் நடத்தியது. ஈஃபில் கோபுரத்துக்குப் பணம் போட்டவர்களில் அந்த வங்கியும் ஒன்று.

பிற்பாடு நாட்டை ஆண்ட சர்வாதிகாரிகள் துவாலியே தந்தையும் மகனும் அடித்த கொள்ளையை மறைக்க நான் வரவில்லை. ஆனால் அவர்கள் வரும்போதே பானை காலி.

2003இல் ஹைட்டியின் அதிபர் அரிஸ்டீட் பிரான்சிடம் 2,100 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டார். மறு ஆண்டே பதவி இழந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 2025 ஏப்ரலில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன், இந்த வரலாற்றை ஆராய இருநாட்டு அறிஞர் குழு ஒன்றை அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லவில்லை.

தர வேண்டும் என்பதே என் கட்சி. மாறுபடுகிறவர்கள் எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்