கல் பொய் சொல்லலாகாது

வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. ஆகவே, லற்விய மக்கள் தம் தளபதிகள் பிறந்த மண்ணிலே நினைவுச் சின்னம் எழுப்புவதை நாம் நன்கு விளங்கிக்கொள்கின்றோம். கல் நடுவதா என்பதன்று எமது வினா. அக்கல்லிலே எதை எழுதுவது என்பதே வினா.

ஜெனரல் யானிஸ் பலோடிஸை எடுத்துக்கொள்வோம். லற்வியாவின் வடபாலுள்ள திரிக்காத்தாவில் 1881 ஆம் ஆண்டு பிறந்தவர். 1919 மார்ச் 6 ஆம் நாள் கேணல் ஒஸ்கார்ஸ் கல்பாக்ஸ், நேச அணியாகிய யேர்மன் படைப்பிரிவொன்றுடன் தவறுதலாக நேர்ந்த மோதலில் மாண்டார். தலைவனை இழந்த சிறு படையைப் பொறுப்பேற்றவர் பலோடிஸ். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் படைத்தலைவரானார். நவம்பர் 11 ஆம் நாள் பெர்மொண்டின் படை றீகாவிலிருந்து விரட்டப்பட்டது. 1920 ஓகஸ்ட் 11 ஆம் நாள் சோவியத் ருஷ்யா, லற்விய மண்ணின்மீது தனக்குள்ள உரிமையனைத்தையும் என்றென்றைக்கும் கைவிடுவதாக ஒப்பமிட்டது. அவ்வாண்டின் நிலச் சீர்திருத்தம் பிரபுக்களின் பெருந்தோட்டங்களைப் பகிர்ந்து, போரிட்டவர்க்கும் நிலமற்றோர்க்கும் காணி வழங்கியது. இத்தனையும் கல்லிலே பொறிக்கத் தக்கவையே.

ஆயின், கதை அத்துடன் முடியவில்லை. 1934 மே 15 ஆம் நாள் இரவு பிரதமர் உல்மானிஸ் பாராளுமன்றத்தை மூடினார். கட்சிகள் ஒழிக்கப்பட்டன. சமூக ஜனநாயகக் கட்சியினர் பலர் லியப்பாயாவிலே தடுத்துவைக்கப்பட்டனர். அன்று போர் அமைச்சராயிருந்து இதற்குத் துணைநின்றவர் யார்? அதே பலோடிஸ்! எந்த மக்களின் விடுதலைக்காகப் போராடினாரோ, அந்த மக்களின் வாயை அடைப்பதற்கும் அவரே உடந்தையானார்.

இதன் விளைவு சிறிதன்று. 1940 ஜூனில் சோவியத் அரசு இறுதி எச்சரிக்கை விடுத்தபோது, மக்கள் கருத்தை எடுத்துரைக்க அந்நாட்டிலே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று இல்லை. ஆறாண்டுகளாக அது பூட்டிக்கிடந்தது. உல்மானிஸுடன் முரண்பட்டு அவ்வாண்டு ஏப்ரிலிலேயே பதவி இழந்திருந்த பலோடிஸும் ருஷ்யாவுக்கு நாடுகடத்தப்பட்டார். பின்னர் நெடுங்காலம் சிறையிலே வாடி, 1956 இல் விடுதலையாகி, 1965 இல் தாய்நாட்டிலே கண்மூடினார்.

“துன்புற்று மாண்ட முதியவரின் குற்றத்தை ஏன் கிளறுகின்றீர்?” என்று சிலர் கேட்பர். “ஆட்சியைக் கவிழ்த்தவனுக்குக் கல் எதற்கு?” என்று வேறு சிலர் கேட்பர். இரு சாராரும் மனிதனைப் பாதியாக வெட்டுகின்றனர். துன்பம் குற்றத்தைக் கழுவிவிடாது. குற்றம் வீரத்தை அழித்துவிடாது. நெல்லைத் தூற்றும் உழவன் பதரைக் கண்டதற்காக நெல்லை எறிவதில்லை. நெல் மிகுந்ததற்காகப் பதரைச் சாக்கில் கட்டுவதுமில்லை. கணக்கை ஆராயும் கணக்காளர் வரவை மட்டும் எழுதி ஏட்டை மூடுவாரா?

உண்மையை மறைப்பதால் வரும் கேட்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சோவியத் ஆட்சி, விடுதலைப் போரின் நினைவுச் சின்னங்கள் பலவற்றை இடித்துத் தள்ளியது. சுதந்திர லற்வியாவைப் பாசிச நாடென்று தூற்றியது. 1949 மார்ச்சில் ஏறத்தாழ 42,000 பேரைச் சைபீரியாவுக்கு வாரிச்சென்றது. அவர்களுட் பெரும்பாலோர் உழவர் குடும்பத்தினர். அந்தப் பழிச்சொல்லுக்குக் கைப்பிடியாய் அமைந்தது 1934 ஆம் ஆண்டின் தவறன்றோ? தன் குறையைத் தானே கல்லில் எழுதும் இனத்தை, அக்குறையைக் காட்டி மாற்றான் அச்சுறுத்த இயலாது.

விடுதலையை 1991 இல் மீண்டும் முழுமையாகப் பெற்ற மக்களுக்கு இத்துணிவு இல்லாமற் போகாது. ஆகவே நாம் கூறுகின்றோம்: திரிக்காத்தாவிலே பலோடிஸின் பெயர் தாங்கி நிற்கும் எந்தக் கல்லும் மூன்று ஆண்டுகளையும் தாங்கி நிற்கட்டும். 1919: நாட்டைக் காத்தார். 1934: மக்களாட்சியை மூடத் துணைநின்றார். 1940: நாட்டோடு தாமும் சிறைப்பட்டார். வெறும் புகழ்ச்சியைப் படிக்கும் சிறுவன் தலைவனை வணங்க மட்டுமே கற்பான். இம்மூன்றையும் படிப்பவனோ, தலைவனை மதிக்கவும் அவனிடம் கணக்குக் கேட்கவும் கற்பான். அத்தகைய மக்களே பெற்ற விடுதலையைக் காப்பர்.