மலை பக்கத்தில், கூடாரம் தூரத்தில்

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் மலை தெரியும். ஒருபுறம் ஏலகிரி, மறுபுறம் ஜவ்வாதுமலை. ஷூ கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்கள் தினமும் அந்த மலைகளைப் பார்த்தபடிதான் போய்வருகிறார்கள். ஆனால் ஒரு ராத்திரியாவது அங்கே தங்கியவர்கள் அவர்களில் எத்தனை பேர்? சனிக்கிழமை மத்தியானம் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டிகளைப் பார்த்தால் போதும். பாதிக்கு மேல் சென்னை, பெங்களூர்க் கார்கள்.

வருகிறவர்களுக்கும் அங்கே கிடைப்பது கூடார வாசம்தானா என்பது சந்தேகம். ‘டென்ட் ஸ்டே’ என்ற பெயரில் ரிசார்ட்டின் புல்தரையில் நைலான் கூடாரங்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். மேலே சீரியல் லைட், நடுவே ஸ்பீக்கர், எட்டு மணிக்கு விறகு அடுக்கி மூட்டிய நெருப்பு. உள்ளே மெத்தை, தலைமாட்டில் செல்போன் சார்ஜ் போட பிளக். கல்யாண மண்டபத்தைத் துணியில் கட்டியது போல இருக்கும். நட்சத்திரத்தைத் தேடி அண்ணாந்து பார்த்தால் கண்ணில் படுவது பல்பு.

காசைக் கொட்டிக் கொடுக்கவேண்டிய விஷயமாகக் கூடாரம் தொடங்கவில்லை. நவீன முகாம் பழக்கத்தின் முன்னோடி என்று சொல்லப்படும் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் லண்டனில் ஒரு தையற்காரர். சிறுவனாக இருந்தபோது 1853-ல் அமெரிக்கப் புல்வெளிகளை வண்டிக் கூட்டத்தோடு கடந்தவர். பிற்பாடு சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற அளவுக்கு எடை குறைந்த கூடாரத்தை வடிவமைத்தார். 1901-ல் சைக்கிள் முகாம்காரர்களுக்கென்று சங்கம் கண்டார். 1908-ல் கையேடும் எழுதினார். பேடன் பவல் 1907-ல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் சாரணர் முகாமில் பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகவே தங்கினார்கள். ஊசியும் நூலுமாகப் பிழைக்கும் ஆம்பூருக்கு இந்த வரலாறு அந்நியமாக இருக்க நியாயமில்லை.

மனிதர்களுக்கு வெட்டவெளியில் படுப்பதில் ஏன் இத்தனை ஆசை? காற்று, காட்சி, கைப்பேசித் தொல்லையில்லாத பேச்சு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உடம்புக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் குழுவினர் 8 பேரை ஒரு வாரம் ராக்கி மலைத்தொடரில் தங்கவைத்தார்கள். வெயிலும் விறகு நெருப்பும் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. அந்த ஒரே வாரத்தில் அவர்களுடைய உடல் கடிகாரம் ஏறக்குறைய 2 மணி நேரம் முன்னால் நகர்ந்துவிட்டதாக 2013-ல் அறிவித்தார்கள். சனி, ஞாயிறு மட்டும் முகாமிட்டாலே 1.4 மணி நேரம் நகர்கிறது என்றது 2017-ல் வந்த அடுத்த ஆய்வு. நாள் முழுக்கக் குழல்விளக்குக்குக் கீழே தையல் மெஷினில் குனிந்திருப்பவருக்கு, ராத்திரியை ராத்திரியாகவே அனுபவிக்கும் இரண்டு நாள் ஆடம்பரம் ஆகாது.

அந்த இருட்டு திருப்பத்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் ஜவ்வாதுமலையில் காவலூர் வானாய்வகம். தூசியும் ஊர் வெளிச்சமும் எட்டாத இடம் என்று வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இந்த இடத்தில் 1968-ல் முதல் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்த கவனிப்புகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. 1988-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். வடக்கு, தெற்கு இரண்டு வானமும் காணக் கிடைப்பதுதான் இந்த அட்சரேகையின் சிறப்பு. ஜனவரிக் கடைசியில், அமாவாசையை ஒட்டி, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நின்றால் ஒரு பக்கம் துருவ நட்சத்திரம், திரும்பினால் தென்சிலுவை. டெல்லிக்காரருக்குத் தென்சிலுவை முழுசாக எட்டாது; லண்டன்காரருக்கு அறவே கிடையாது.

இதே வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கின் ஹான்லேயிலும் ஒரு வானாய்வகம் உண்டு. அதைச் சுற்றிய பகுதி 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிராமத்து இளைஞர்களுக்குத் தொலைநோக்கி கொடுத்து, வானம் காட்டப் பயிற்சியும் அளித்தார்கள். வருகிறவர்கள் அவர்கள் வீடுகளில் தங்குகிறார்கள், வருமானம் ஊருக்குள்ளேயே நிற்கிறது. 4,000 மீட்டருக்கு மேல், மூச்சு வாங்கும் குளிரில் முடிந்தது, 700 மீட்டர் உயரத்தில் சாமையும் பலாவும் விளையும் ஜவ்வாதுமலையில் முடியாதா? மலையாளிப் பழங்குடி இளைஞர்கள் நடத்தும் பொதுக் கூடார வெளி ஒன்று வானாய்வகத்துக்குத் தொந்தரவில்லாத தூரத்தில் இருக்கட்டும். சிவப்புக் கைவிளக்கு மட்டும்தான் என்று விதி போடட்டும்.

குரங்கணியை மறந்துவிட்டுப் பேசமுடியாது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டத்துக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசே மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அதில் உண்டு. உள்ளூர்ப் பழங்குடியினரே வழிகாட்டிகள். நல்ல ஏற்பாடு. ஆனால் காலையில் ஏறி வெளிச்சத்திலேயே இறங்கிவிடவேண்டிய நடை அது. ராத்திரிக்கு இடமில்லை என்பதால் ஆசைப்படுகிறவர்கள் ரிசார்ட்டுக்குப் போகிறார்கள், அல்லது அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைகிறார்கள். கரடி நடமாடும் காட்டில் இரண்டாவது, உயிரோடு விளையாடுவது.

முகாம் நெருப்பும் வேண்டியதில்லை. படம் எடுக்க அழகுதான். ஆனால் காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். சாப்பாடு மலைக்கிராமத்து அடுப்பிலிருந்து வரட்டும்.

குப்பை பற்றி இந்தத் தோல் தொழில் வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. பாலாற்றில் ஆலைக்கழிவு கலந்த வழக்கில்தான், வேலூர் மக்கள் நல மன்றத்தின் மனுமீது 1996 ஆகஸ்ட் 28-ல், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானதைத் தீர்ப்பு குறிப்பிட்டது. கீழே தோல் ஷாப்புக்குப் பொருந்திய நெறி மேலே ரிசார்ட்டுக்கும் பொருந்தவேண்டும். மலைச்சரிவில் கழிவுநீரையும் பாட்டிலையும் விடுகிறவர் அள்ளுகூலி கட்டட்டும்.

பொதுக் கூடார வெளிக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. சமதரை, குடிநீர், காவலுக்கு ஆள், பூட்டு வைத்த கழிப்பறை. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பெண்கள் வருவார்களா மாட்டார்களா என்பதைத் தீர்மானிப்பது இயற்கைக் காட்சி அல்ல, ராத்திரி இரண்டு மணிக்குப் பயமில்லாமல் போய்வரக்கூடிய கழிப்பறை. ஜவ்வாதுமலை மண்ணில் அடிக்கு அடி கல் கிடக்கும், மெல்லிய அலுமினிய ஆணி வளைந்துவிடும். இரும்பு முளையும் சுத்தியலும் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது.

திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் மனது வைத்தால், வரும் ஜனவரி அமாவாசைக்கு ஐம்பது கூடாரங்களோடு சோதனையாகத் தொடங்கலாம். ஒரு கூடாரத்துக்கான கட்டணம் ஷூ கம்பெனித் தொழிலாளியின் ஒருநாள் கூலியைத் தாண்டக்கூடாது. கம்பெனிகளும் ஒன்று செய்யலாம்: வாரம் முழுக்க ஆள் ஏற்றிவரும் பஸ்ஸைச் சனிக்கிழமை சாயங்காலம் ஆலங்காயம் வரைக்கும் அனுப்பட்டும்.