பெரியப்பாவின் பெருவிரல்

திங்கட்கிழமை காலை பால் வாங்கப் போனபோது எங்கள் தெருமுனையில் புதிதாக ஓர் இரும்புக் கம்பம் நின்றது. உச்சியில் இரண்டு கேமராக்கள். ஒன்று குமுளி சாலையைப் பார்த்து, மற்றது தெருவுக்குள் பார்த்து. இடுப்பு உயரத்தில் மஞ்சள் தகரப் பலகை: "நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்." பால் தூக்கோடு அங்கேயே நின்றுவிட்டேன். இந்த வாரம் முழுக்க அந்த வரி என்னை விடவில்லை.

கேமராவே கூடாது என்பவன் இல்லை நான். போன தை மாதம் எங்கள் தெருவில் ஓர் அம்மாவின் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவனின் பைக் எண்ணை ஒரு மளிகைக்கடைக் கேமராதான் காட்டிக்கொடுத்தது. பகுதி சபையில் கேமரா கேட்டவர்களில் நானும் உண்டு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், கிராம சபை போல நகரத்துத் தெருக்களுக்கும் சபை என்று தொடங்கியபோது இந்தப் பத்தியில் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சபையில் மூன்று கேட்டோம்: கேமரா, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை, ஜீப் நிற்கும் முனைக்கு ஒரு விளக்கு. முதலில் வந்தது கேமரா.

வந்ததில் வருத்தமில்லை. பலகை யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதுதான் கேள்வி. திருடன் அதைப் படிக்கப்போவதில்லை. தினமும் அதன் முன்னால் நிற்பவர்கள் ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்கள். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்தெல்லாம் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மலைக்குப் போய், கூலியோடு பொழுது சாயத் திரும்புகிறவர்கள். நாலு மணி இருட்டில் தூக்குவாளியோடு நிற்கும் அவர்களிடம் போய், "உன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம்" என்று ஏன் எச்சரிக்க வேண்டும்? "உங்கள் பாதுகாப்புக்காக" என்று எழுத அதே தகரமும் அதே பெயிண்டும் போதாதா?

என் பெரியப்பா இருந்திருந்தால் இந்தப் பலகையைக் கண்டதும் வந்த வழியே திரும்பியிருப்பார்.

2020இல் ரேஷன் கடைகளுக்குக் கைரேகை இயந்திரம் வந்ததே, அப்போது அவருக்கு எண்பத்தாறு வயது. கடைக்குப் போனவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு வந்தார். "என்னத்துக்குப்பா ரேகை கேக்குறாக? நாம என்ன பண்ணிட்டோம்?" அரிசி கொடுக்கத்தான் என்று சொல்லி மறுநாள் நானே கூட்டிப்போனேன். விரலை வைத்தார். இயந்திரம் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். எடுக்கவில்லை. அறுபது வருஷம் மண்வெட்டி பிடித்த கை, ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், பதிவேட்டில் எழுதிக்கொண்டு அரிசியைப் போட்டார். வரும் வழியெல்லாம் பெரியப்பா பெருவிரலையே தடவிக்கொண்டு வந்தார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும், "எங்கய்யா வெரலு நல்லா விழுகும்" என்றார். அதற்குமேல் அன்றைக்குப் பேசவில்லை.

அவருடைய அய்யா சாவடியில் படுத்தவர். இளைய வாசகர்களுக்காக இதை விரிவாகவே சொல்கிறேன். குற்றப் பரம்பரைச் சட்டம் வெள்ளைக்காரன் 1871இல் வடக்கே போட்டது. 1911இல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தான். எங்கள் சனமான பிறமலைக் கள்ளர்கள் மேல் 1914இல் மதுரைக்குப் பக்கத்துக் கீழக்குடியில் அது தொடங்கியது. திருடியவன், திருடாதவன் என்ற கேள்வியே கிடையாது, பிறப்புதான் குற்றம். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ராத்திரி சொந்த வீட்டில் படுக்கக்கூடாது. காவல் நிலையத்திலோ ஊர்ச்சாவடியிலோ ஆஜர் கொடுத்துப் படுக்க வேண்டும். வெளியூர் போவதானால் ராதாரிச் சீட்டு வேண்டும். பொதுமக்கள் பாதுகாப்புக்காகத்தான் இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947இல். அப்போது பெரியப்பாவுக்குப் பதின்மூன்று வயது. அதற்கப்புறம் ஒருநாள் அவருடைய அய்யா முதல்முறையாக வீட்டு வாசலில் கட்டில் போட்டுப் படுத்தாராம். தூக்கம் வராமல் நடுச்சாமத்தில் எழுந்து சாவடிப் பக்கம் போய்விட்டு வந்தாராம். இதைச் சொல்லும்போது மட்டும் பெரியப்பாவின் குரல் தாழும்.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிப் போனால் உசிலம்பட்டி, அதற்குத் தெற்கே பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம் என்று அந்த ஊர் சொன்னது. 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருத்தி மாயக்காள், சுடப்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவள். பிடிபட்டவர்களுக்காக வாதாடியவர் மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், செங்கன்னூரில் பிறந்த மலையாளி. ரோசாப்பூ துரை என்று எங்கள் சனம் அவரைக் கொண்டாடியது. இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ரோசாப்பூ என்றும் ஜோசப் என்றும் பெயர் வைத்துக்கொண்ட பெரியவர்கள் இருக்கிறார்கள்.

மறுபடியும் 'காவல் கோட்ட'மா என்று கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சு. வெங்கடேசனின் அந்த நாவலை நான் நாலு தடவை படித்தவன். ஆயிரம் பக்கத்துக்கு மேல், 1311இல் மாலிக் காபூர் மதுரைக்கு வந்ததில் தொடங்கிப் பல நூற்றாண்டுகளைக் கடந்து வரும் கதை. 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மதுரைக் கோட்டையைக் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்ததும், நகரக் காவல் தாதனூர்க் காவல்காரர்கள் கையைவிட்டுப் போலீஸ் கைக்குப் போனதும் அதில் விரிகிற விரிவுக்கு ஈடாக வேறொன்றை நான் படித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் நான் நின்றுவிடுகிற இடம், காவல் என்றால் என்ன என்று அந்த நாவல் கேட்கிற இடம்.

பழைய காவல் முறையில் ஒரு நிபந்தனை இருந்தது. காவல் கூலி வாங்குகிறவன், களவு போனால் பொருளைத் துப்புத் துலக்கி மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். காவல்காரன் இன்னார் என்று ஊருக்குத் தெரியும், அவன் வீடு எது என்றும் தெரியும். இந்த முறையை நான் புனிதமாக்கவில்லை. கூலி தராத சம்சாரியின் மாடு காணாமல் போனதும், அதே ஆள் துப்புக்கூலி வாங்கிக்கொண்டு ஓட்டிவந்து விட்டதும் நடந்ததுதான். பொறுக்கமாட்டாமல் 1896இல் திண்டுக்கல் பக்கத்துச் சம்சாரிகள் 'பண்டு' சேர்த்து எதிர்த்து நின்றதும் நடந்ததுதான். அந்தச் சம்சாரிகள் பட்ட பாட்டையும் மறைக்கக்கூடாது. ஆனால் காவலுக்குப் பொறுப்பாக ஓர் ஆள் இருந்தான். பின்னால் வந்த சர்க்கார் அந்த ஆளின் விரலை வாங்கிக்கொண்டு, அவனையே களவாளி என்று எழுதிவைத்தது.

அதே சர்க்கார்தான் 'சீர்திருத்தம்' என்று பெயர் வைத்துப் பள்ளிக்கூடமும் கட்டியது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கிற கள்ளர் பள்ளிகள் அப்படி வந்தவை. நான் படித்தது அதில் ஒன்றில். என் அய்யாதான் எங்கள் குடும்பத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவர். பேனாவை எடுக்குமுன் பெருவிரலை வேட்டியில் ஒரு தடவை துடைத்துக்கொள்வார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

நகராட்சிக்கு என் கோரிக்கை இரண்டு. பலகையை மாற்றுங்கள். பார்த்துக்கொண்டிருப்பது யார், படம் எத்தனை நாள் இருக்கும், நமக்கு ஒன்று நேர்ந்தால் எந்த நம்பரில் யாரைக் கூப்பிடுவது என்று அதில் எழுதுங்கள். 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் நகரத் தெருவுக்குள் வந்ததே, அன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவருக்கொருவர் போன் போட்டு "வெளியே வராதே" என்று சொன்ன வேகத்தை நினைத்துப்பாருங்கள். யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருந்ததுதான் அன்றைக்குத் தைரியம். இரண்டாவது, அந்த விளக்கு.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எழுந்து முனைக்குப் போனேன். கேமராவைச் சுற்றி, இருட்டில் பார்ப்பதற்காக வைத்த சிவப்புப் புள்ளிகள் மட்டும் மினுங்கின. கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். "என்னண்ணே, இந்நேரத்துல?" என்றாள் ஒருத்தி. விளக்குக்காக என்றேன். அடுத்த பகுதி சபைக்கு நாலு பேராவது வந்து கேட்கிறோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்தால்தான் வர முடியுமாம். ஏலக்காட்டுக்கு அன்றைக்குத்தான் லீவு.